இரண்டாவது ஹீட்டரைப் பூட்டியது யார்

1

கனடா வந்து இருபது வருடமானதைப் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் கேட்டு மூன்று மாதமாகிறது. பனி, குளிர், பிள்ளைகள் தமிழை மறப்பது என்று எழுதுவதற்கு எல்லாம் கைவசம் இருந்தது. பிள்ளைகள் தமிழை மறப்பது பற்றி இதே பத்திரிகையில் இரண்டு தரம் எழுதியும் இருக்கிறேன். நல்லாயிருக்கிறது என்று நாலைந்து பேர் ரெலிபோன் எடுத்துச் சொன்னார்கள்.

இந்தமுறை ஒரு பழைய லொறியைப் பற்றி எழுதப்போகிறேன். எண்பத்தாறாம் ஆண்டு டீசல் லொறி, பின்னால் அடைப்புப் பெட்டி வைத்தது. போன மாதம் அதை மொன்றியலுக்குப் பக்கத்து லொங்குய்யில் இருக்கும் ஒரு பிரெஞ்சுக்காரருக்கு விற்றேன். விற்பதற்கு முதல், அதில் பூட்டியிருந்த ஒரு ஹீட்டரைக் கழற்றி எடுக்கலாமென்று கீழே படுத்தேன். அந்த ஹீட்டரை வைத்துத்தான் ஐந்து வருடத்துக்கு முன் ஒரு மனிதரின் பெயரைக் கெடுத்திருந்தேன். பிழை விட்டவன் நான்.

இதை இங்குள்ளவர்களுக்கு வாயால் சொல்ல இரண்டு ஞாயிறு முயன்றேன். மாதா கோயிலில் பூசை முடிந்து படியில் நின்று குளிரைப் பற்றிக் கதைத்துவிட்டு வந்துவிட்டேன். இந்தப் பத்திரிகை இங்கே தமிழ்க்கடைக்கும் வருகிறது. அச்சில் வந்தால் பிறகு தப்ப வழியில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

2

அங்கே ஊரில் ரேடியேட்டருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிப் பழகியவர்களுக்குக் கொஞ்சம் விளக்கவேண்டும். மொன்றியல் குளிர் மைனஸ் இருபத்தைந்து, சில நாள் அதற்கும் கீழே போகும். எஞ்சினுக்குள் தண்ணீர் விட்டால் உறைந்து இரும்பையே பிளந்துவிடும். அதனால் கூலன்ட் என்ற உறையாத் திரவம். அதுவும் அந்தக் குளிரில் கெட்டியாகிவிட, பழைய டீசல் எஞ்சின் விடியப்புறம் ஸ்ரார்ட் எடுக்காமல் மனிதனை அழவைக்கும். இதற்கு ஒரு ஹீட்டர் உண்டு. வீட்டு மின்சாரத்தில் செருகிவிட்டால் கூலன்டைச் சூடாக்கி, தன் பம்பாலேயே சுற்றவைக்கும். என் லொறியில் அது ஏற்கெனவே இருந்தது.

ஆனால் என் தொழில் மரக்கறி. ரொறன்ரோவில் ஏற்றி மொன்றியல் தமிழ்க்கடைகளுக்குக் கொண்டுவந்து இறக்குவேன். கீரையும் வாழையிலையும் உறையக்கூடாது என்று பின்பெட்டிக்குள் ஒரு சின்ன ரேடியேட்டரும் காற்றாடியும் வைத்து, சூடான கூலன்டைக் குழாயில் அங்கே அனுப்பியிருந்தேன். எஞ்சின் ஓடும்வரை பெட்டி சூடு. வழியில் நிறுத்தினால் எல்லாம் போச்சு. நெடுஞ்சாலையில் செருகுவதற்கு மின்சாரம் எங்கே இருக்கிறது? அதற்குத்தான் இரண்டாவது ஹீட்டர் வாங்கினேன். சப்பாத்துப் பெட்டி அளவு. லொறியின் டீசலையே கொஞ்சம் எரித்து, எஞ்சின் நின்றாலும் கூலன்டைச் சூடாக்கித் தள்ளும்.

இரண்டையும் ஒரே எஞ்சினில் பூட்டத் தெரிந்த ஆளைத் தேடியபோது, கோயிலில் செபமாலை என்பவரைக் காட்டினார்கள். பேசாலைக்காரர். மன்னாரில் மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் வேலை பார்த்தவர். வந்து ஒன்றரை வருடம். அகதி வழக்கு வென்று, மனைவியையும் மகளையும் கூப்பிடப் பத்திரம் நிரப்பிக்கொண்டிருந்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஆனாலும் அவர் என்னை அண்ணை என்பார், நான் அவரை நீ என்பேன். நான் முதலில் வந்தவன், யாழ்ப்பாணத்து இளவாலைக்காரன், லொறி வைத்திருப்பவன். அந்த நாளில் அது எனக்குப் பிழையாகப் படவேயில்லை.

லொறிக்குக் கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்து செபமாலை சொன்னார்:

"அண்ணை, ரெண்டு ஹீட்டருக்கும் ரெண்டு பம்ப் கிடக்கு. பக்கத்தில பக்கத்தில வைச்சு ஒரே குழாயில சேர்த்தமெண்டா, ஒண்டு தள்ளுறது மற்றதுக்குள்ளால திரும்பி வந்திடும். எஞ்சினுக்கும் போகாது, பெட்டிக்கும் போகாது. தங்களுக்குள்ளயே சுத்திக்கொண்டு நிக்கும்."

"அப்ப என்ன செய்யலாம் எண்டிறாய்?"

"ஒண்டுக்குப் பின்னால ஒண்டா வரிசையில போடுவம். வள்ளத்தில அப்பிடித்தான் செய்யிறது."

"இது வள்ளம் இல்லையடாப்பா, லொறி. பக்கத்தில பக்கத்தில போடு."

அவர் வரிசை என்று சொன்னதால்தான் நான் பக்கத்தில் என்றேன். வேறு காரணம் ஒன்றுமில்லை.

அவர் கோபிக்கவில்லை. "சரி அண்ணை. அப்ப ரெண்டு கிளையிலயும் ஒவ்வொரு வால்வ் வேணும், ஒரு பக்கம் மட்டும் விடுற வால்வ்" என்றார். லாசாலில் உதிரிப்பாகக் கடைக்கு நான்தான் போனேன். பிரெஞ்சில் அதற்கு என்ன சொல்வது என்று தெரியாமல், ஒருவழிப்பாதைப் பலகையில் கண்ட சொல்லை வைத்து 'வால்வ் சென்ஸ் யுனிக்' என்று கேட்டேன். கடைக்காரப் பெடியன் சிரித்துச் சிரித்து உள்ளே போய் இரண்டு எடுத்துவந்தான். பித்தளை வால்வ். எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று மேலே அம்புக்குறி அடித்திருந்தது.

3

வெள்ளிக்கிழமை பின்னேரம் செபமாலை மின்சார ஹீட்டரின் கிளையில் ஒரு வால்வைப் பூட்டினார். டீசல் ஹீட்டரையும் சட்டத்தில் இறுக்கி, குழாய்களை அளந்து வெட்டி வைத்தார். இருட்டிவிட்டது, விரலும் விறைத்துவிட்டது. மிச்சம் ஒரு வால்வ்.

"நாளைக்கு எனக்கு பிரெஞ்சு வகுப்பு. மூண்டு மணிக்கு முடிஞ்ச உடன வாறன். அதைத் தொடாதேங்கோ, நான் வந்து போடுறன்" என்றார்.

அந்த வகுப்பை அவர் விடமுடியாது. வரவு குறைந்தால் கடிதம் வரும், கொடுப்பனவு நிற்கும், குடும்பத்தைக் கூப்பிடும் பத்திரத்திலும் அது ஏறும் என்று பயந்துகொண்டிருந்தார். எனக்குத் தெரியும். தெரிந்தும், சனிக்கிழமை காலை கோப்பியைக் குடித்துவிட்டு நானே லொறிக்குக் கீழே படுத்தேன். ஒரு வால்வ் மாட்ட இவன் வரும்வரை காத்திருப்பதா?

நான் தோட்டக்காரன் மகன். இறைக்கிற மெசினுக்கு புட்வால்வ் மாட்டி வளர்ந்தவன். கிணற்றுக்குள் கிடக்கும் குழாயின் அடியில் அதை மாட்டுவோம். தண்ணீர் மேலே ஏறும், திரும்பி விழாது. கீழே இழுக்கும், மேலே தள்ளும். எங்கள் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். இந்த ஹீட்டரிலும் இரண்டு வாய் இருந்தன, கீழே ஒன்று, மேலே ஒன்று. கீழ்வாய்க் குழாயில், அம்புக்குறி ஹீட்டரைப் பார்க்க வால்வைப் பூட்டினேன். கிணறாக இருந்தால் மிகச் சரி. இந்த ஹீட்டர் மேல்வாயால் இழுத்துக் கீழ்வாயால் தள்ளுகிறது. அதோடு வந்த புத்தகத்தில் படம் போட்டே காட்டியிருந்தான். நான் புத்தகத்தைத் திறக்கவில்லை.

எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தேன். மற்றக் கிளையால் சூடு போய்ப் பின்பெட்டி கதகதவென்று வந்தது. டீசல் ஹீட்டரின் புகைக்குழாயிலும் கொஞ்சம் புகை வந்தது. போதும் என்று கையைத் துடைத்தேன். எஞ்சினை நிறுத்திவிட்டு அந்த ஹீட்டரை மட்டும் ஓடவிட்டிருந்தால், ஐந்து நிமிடத்தில் போக வழியில்லாமல் சூடேறித் தானாக அணைந்ததைக் கண்டிருப்பேன்.

மூன்றரைக்கு செபமாலை பஸ்ஸால் இறங்கி ஓடிவந்தார். "எல்லாம் முடிஞ்சுது, நீ வீட்டை போ" என்றேன். "ஒருக்காப் பாத்திட்டுப் போறனே அண்ணை" என்றார். "என்னத்தைப் பாக்கப்போறாய்? எனக்குத் தெரியாதே?" என்றேன். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

4

அடுத்த சனி, மார்கழியில் எங்கள் பங்குத் தமிழர் வைக்கும் கிறிஸ்மஸ் ஒளிவிழாவுக்கு முதல் நாள். அந்த வருடம் சைவ நண்பர்களையும் அழைத்திருந்ததால், வாழையிலையில் மரக்கறிச் சாப்பாடு என்று கோயிலில் அறிவித்திருந்தோம். முந்நூறு பேருக்கான மரக்கறி முழுவதும் என் லொறியில். பின்னேரம் மண்டபக் குசினியில் இறக்கினால் பெண்கள் வெட்டத் தொடங்குவார்கள்.

மொன்றியலுக்கு அரை மணித்தியாலம் இருக்க முன்னால் ஒரு விபத்து. நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். நான் ஒரு லொறித் தரிப்பிடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, டீசல் ஹீட்டரைப் போட்டுவிட்டு உள்ளே போனேன். மூன்றரை மணித்தியாலம் கோப்பி குடித்தேன். பக்கத்து மேசைப் பஞ்சாபிக்காரரிடம், "என்ரை லொறியில் இரண்டு ஹீட்டர்" என்று ஆங்கிலத்தில் பெருமையும் அடித்தேன்.

ஆறு மணிக்கு மண்டப வாசலில் பெட்டிக் கதவைத் திறந்தார்கள். வாழையிலை அப்பளம் போல நொறுங்கியது. முருங்கைக்காயைக் கொட்டினால் தடி விழுகிற சத்தம். கீரை கறுத்து, கத்தரிக்காய் கல்லாகிக் கிடந்தது. மூன்று மணியிலிருந்து காத்திருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

செபமாலை மேசை அடுக்க வந்திருந்தவர். யாரும் சொல்லாமல் ரோச் லைட்டை எடுத்துக்கொண்டு லொறிக்குக் கீழே போனார். கொஞ்ச நேரம் கால் மட்டும் தெரிந்தது. வெளியே வந்து, கையைக் களிசானில் துடைத்து, என்னைப் பார்த்தார்.

என் மனைவி ஜசிந்தா சத்தமாகக் கேட்டாள்: "இந்த ரெண்டாவது ஹீட்டரை ஆர் பூட்டினது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "இவன்தான்" என்றேன். "வள்ளத்துக்குப் பூட்டின மாதிரிப் பூட்டி வைச்சிருக்கிறான்."

அவர் நிலத்தைப் பார்த்தார். பேசாமல் நிற்கிறான், அப்படியானால் பிழை அவனுடையதுதான் என்று நான் அந்த இடத்திலேயே எனக்குச் சொல்லிக்கொண்டேன். வேண்டியதை நம்புவது எவ்வளவு சுலபம்!

மறுநாள் ஒளிவிழாவுக்குச் சாமியார் பீட்சாவுக்குச் சொல்லச் சொன்னார். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், பெரியவர்களுக்கு முகம் விழுந்துவிட்டது. பீட்சாப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு செபமாலை மண்டபத்துக்குள் வர, "இந்தா வாறார் பீட்சா செபமாலை" என்றேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நம்மவர்களைப் பற்றித்தான் தெரியுமே, ஒருவனுக்குப் பட்டம் விழுந்தால் செத்தாலும் போகாது. வைத்தவன் நான்.

5

லவாலில் கராஜ் வைத்திருக்கும் எங்கள் ஊரவர் ஒருவர் தை மாதம் ரெலிபோன் எடுத்தார். "உம்மட லொறியில வேலை செய்த பேசாலைக்காரன் எப்பிடி? எடுக்கலாமோ?"

"வள்ளத்துக்கெண்டாச் சரி" என்றேன். "மற்றது உங்கட விருப்பம்."

அவர் எடுக்கவில்லை. செபமாலை ஹோட்டல் துணி தோய்க்கும் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் சேர்ந்தார். இன்றும் அங்கேதான். எஞ்சினில் கைவைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

இரண்டு வருடத்தால் மனைவியும் மகள் டிலானியும் வந்தார்கள். டிலானிக்கு அப்போது பதினொரு வயது. மன்னாரிலிருந்து வந்த பிள்ளை, அழகான தமிழ், எழுத்து முத்து முத்தாக இருக்கும். எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் செயலாளர் நான். மற்றப் பிள்ளைகளுக்கு அவளைக் காட்டி, "பாருங்கோ, இப்பிடி எழுதவேணும்" என்பேன். ஏழெட்டு மாதத்தால் அவள் வகுப்புக்கு வருவதை நிறுத்தினாள். பிறகு பூசைக்கும் வரவில்லை. மெற்றோவில் ஒருநாள் கண்டேன், சிநேகிதிகளோடு பிரெஞ்சில் கதைத்துக்கொண்டு நின்றாள், என்னைக் கண்டதும் மறுபக்கம் திரும்பிவிட்டாள்.

அந்த வருடந்தான் முதல் கட்டுரையை எழுதினேன். நேற்று வந்த பிள்ளைகூட ஒரு வருடத்துக்குள் தமிழை உதறிவிடுகிறது, பெற்றோர் கவனிப்பதில்லை என்று ஒரு பந்தி அதில் இருக்கிறது. பெயர் போடவில்லை. அவளைத்தான் எழுதினேன்.

6

போன மாதத்துக்கு வருகிறேன். லொறியை வாங்குபவர் இரண்டு ஹீட்டர் தனக்கு வேண்டாம், ஒன்று போதும் என்றார். சரி, டீசல் ஹீட்டரைக் கழற்றிப் புது வான் வண்டிக்கு வைக்கலாமென்று கீழே படுத்தேன். உப்பும் துருவும் படிந்த குழாயைத் துணியால் துடைத்தேன். பித்தளை வால்வ். அம்புக்குறி. ஹீட்டரின் உடம்பில், கீழ்வாயின் அருகே, வெளியே போகும் பக்கம் என்று இன்னொரு அம்புக்குறி வார்ப்பிலேயே இருந்தது. இரண்டு அம்பும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.

அந்தச் சனிக்கிழமையும் கோப்பியும் உடனே ஞாபகம் வந்தது. தெரியாமல் இருந்துவிட்டேன் என்று எழுதினால் அது பாதிப் பொய். இந்த ஐந்து வருடமும் அந்த ஹீட்டரைத் திருத்த நான் யாரிடமும் கொடுக்கவில்லை. எண்ணெய் மாற்ற, பிரேக் பார்க்க எத்தனை தரம் கீழே படுத்திருப்பேன்! அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பியதேயில்லை. வழியில் நிறுத்தினால் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டே நிற்பேன். வால்வை நான் மாட்டியது எனக்குள்ளே ஒரு மூலையில் தெரிந்தேயிருந்தது. பார்க்காவிட்டால் தெரியாது என்று இருந்துகொண்டேன். வெட்கங்கெட்ட வேலை.

வால்வைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன்.

7

ஞாயிறு பின்னேரம் லாசாலில் அவர்களுடைய அப்பார்ட்மென்டுக்குப் போனேன். டிலானிக்கும் சொல்லவேண்டி வரலாம் என்று மனம் சொன்னது. அவளுக்கு இப்போது பிரெஞ்சுதான் வசதி என்று கேள்வி. என் மகனைக் கூட்டிப்போனால் பிரெஞ்சில் எடுத்துச் சொல்லுவான் என்றும் ஒரு யோசனை வந்தது. மகனுக்கு முன்னால் இதைச் சொல்ல வெட்கமாயிருந்தது. தனியாகப் போனேன்.

"வாங்கோ அண்ணை, இருங்கோ" என்றார் செபமாலை. தலை முழுக்க நரைத்திருந்தது. அவருடைய மனைவி தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனார். நான் வால்வை மேசையில் வைத்தேன்.

"செபமாலை, இது நான் பூட்டினது. மாறிப் பூட்டிப்போட்டன்."

அவர் அதை எடுத்துப் பார்க்கவுமில்லை. "அண்டைக்கே கண்டனான் அண்ணை."

"மண்டபத்திலயோ?"

"ஓம். லைற் பிடிச்சுப் பாத்தனான்."

"பிறகேன் சொல்லாமல் நிண்டனீங்கள்?"

அவர் மூடியிருந்த அறைக் கதவைப் பார்த்து, "பிள்ளை, இஞ்ச ஒருக்கா வா" என்று கூப்பிட்டார். டிலானி வந்தாள். பதினான்கு வயதுக்கு நல்ல உயரம். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு சுவரோடு நின்றாள்.

"எனக்குச் சொன்னது காணும் அண்ணை. இவவுக்குச் சொல்லுங்கோ."

நான் தொடங்கினேன். லொறி, குளிர், ஹீட்டர், கிளை, வால்வ் என்று எங்கேயோ சுற்றி, கிணற்றுப் புட்வால்வுக்கும் போய்விட்டேன். நியாயம் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே கேட்டது. அவள் நெற்றியைச் சுருக்கி, "குவா?" என்றாள். என்ன என்று கேட்கிறாள். தகப்பன் மொழிபெயர்க்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபது வருடத்தில் நான் படித்த பிரெஞ்சு, கடையில் சாமான் கேட்கிற பிரெஞ்சு. அதில் நியாயம் சொல்ல எனக்குச் சொல் இல்லை. "பீட்சா" என்றேன். "பா தொன் பாப்பா. செ முவா." உன் அப்பா இல்லை, அது நான்.

அவளுக்கு விளங்கிவிட்டது. முகம் சிவந்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன், அழவில்லை. தமிழில் கதைத்தாள், சுத்தமான பேசாலைத் தமிழ், ஒரு சொல்லும் மறக்கவில்லை.

"தமிழ் வகுப்பில என்னைப் பீட்சாவின்ர மகள் எண்டுதான் கூப்பிடுவினம். நான் அம்மாட்டச் சொல்லேல்லை. அப்பா முந்நூறு பேரின்ர சாப்பாட்டைப் பழுதாக்கினவர் எண்டு எல்லாரும் சொல்லிச்சினம், நானும் அப்பிடித்தான் நினைச்சனான். எனக்கு அப்பாவோட கோயிலுக்கு வர வெக்கமா இருந்தது."

செபமாலைக்கும் இது புதிது போலிருந்தது. வால்வை அப்போதுதான் கையில் எடுத்தார், எடுத்துத் திரும்ப வைத்தார். குசினி வாசலில் தேத்தண்ணித் தட்டோடு அவருடைய மனைவி நின்றார். நான் எழும்பி நின்றேன். மன்னிக்கவேண்டும் என்று சொன்னேன், அந்த அறையில் அது யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை.

டிலானி தகப்பன் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குத் தெரியுந்தானே அப்பா? அண்டைக்கே தெரியுந்தானே? ஏன் எல்லாருக்கும் முன்னால சொல்லேல்லை?"

"சொன்னா ஆர் பிள்ளை நம்பியிருப்பினம்?" என்றார் செபமாலை. கோபமாகச் சொல்லவில்லை. மழை வருமா என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார்.

டிலானி என்னைப் பார்த்தாள். நான் நம்பியிருப்பேன் என்று சொல்லுவேனோ என்று பார்த்தாள் போலிருக்கிறது. "நானும் நம்பியிருக்கமாட்டன் பிள்ளை" என்றேன்.